இரண்டு கரோலினாவும் ஒரு கணக்கப்பிள்ளையும்

அழகர் கணக்கப்பிள்ளைக்கு உலகம் இரண்டே பிரிவுதான்: மேல்கணக்கு, கீழ்க்கணக்கு. இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் அவர் வேலை பார்த்த குருவிக்கல் தோட்டம் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. உச்சியை ஒட்டிய தேயிலையும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் மேல்கணக்கு. அங்கே பீலிக் குழாயடியில் சனம் குளித்து வழியும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் கீழ்க்கணக்கு. தோட்டத்தை இப்படி வகுத்த வெள்ளைக்காரத் துரை, மிச்ச பூமியையும் அதே கையோடு வகுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருப்பான் என்பது அழகருடைய நம்பிக்கை. ஓய்வு பெற்று, பதுளை நகர ஓரத்தில் வீடு கட்டி வந்த பிறகும், புதிதாக யாரைக் கண்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"நீங்க மேலயா, கீழயா?"

கேட்கப்பட்டவர் பஸ் கண்டக்டராக இருக்கலாம், பல் வைத்தியராக இருக்கலாம். பல் வைத்தியர் ஒருமுறை, "மேல் பல்லா, கீழ்ப் பல்லா?" என்று திருப்பிக் கேட்டார். அழகருக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று.

மகள் நிஷாந்தினி அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள். நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டப் பாடசாலையில் அவள் சமூகக்கல்வி படிப்பித்தாள். கூச்சல் போடுகிற பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரிந்த அவளுக்கு, அப்பாவை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

அவர் மேல்கணக்கு லயத்தில் பிறந்தவர். அங்கேயே தொழிலாளியாகப் பேர் பதிந்து, கங்காணியாகி, பிறகு வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாகி, காக்கிக் காற்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் மாட்டிக்கொண்டு, மேல் ரோட்டில் நின்று கீழே பார்த்துக் கத்தினார். காலம் முழுக்க அவர் செய்தது அவ்வளவுதான் என்று சொன்னால் கோபப்படுவார். ஆனால் அதற்குமேல் சொல்ல அவரிடமே ஒன்றும் இருக்காது. எந்த மலையில் கவ்வாத்து, எந்த மலைக்கு உரம் என்பதெல்லாம் அவருக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது யார் கீழே என்பது.

தோட்டத்து மாரியம்மன் தேர் மேல்கணக்கு லயங்களைச் சுற்றிவிட்டு, தேயிலை ஸ்டோர் வளைவோடு திரும்பிவிடும். கீழ்க்கணக்குச் சனம் தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்து அந்த வளைவில் நிற்க வேண்டும். ஒரு வருடம் கீழ்க்கணக்கு இளவட்டங்கள் தேரைத் தங்கள் பக்கமும் இறக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

"சாமிக்கு எறக்கம் ஆகாதுடா," என்றார் அழகர்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவும் இல்லை.

"உங்கப்பா செத்து மேல போனாலும், வாசல்ல நின்னு எந்தக் கணக்குன்னு கேட்டுட்டுத்தான் உள்ள போவாரு," என்பாள் அம்மா இராக்கம்மா. அவளும் மேல்கணக்குக்காரிதான். அதனால்தான் கட்டினார். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

இரண்டாயிரத்து நான்காம் வருடம் நிஷாந்தினிக்கு எப்படியும் கல்யாணம் முடித்துவிடுவதென்று அழகர் தீர்மானித்தார். மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்பதும் தீர்மானம். மேல்கணக்குக்கும் மேலே ஒரு கணக்கு உண்டென்றால் அது அமெரிக்காதான். முதலில் வந்த சம்பந்தம் ஹல்துமுல்லைப் பக்கம். அங்கே ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன் கனகேஸ்வரன், கிரீன் கார்டு குலுக்கலில் பேர் விழுந்து போனவன், வட கரோலினா மாநிலத்தில் வில்மிங்டன் என்ற ஊரில் பெற்றோல் செட்டோடு சேர்ந்த கடையொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழகருக்குப் பிடித்திருந்தது. பெரிய கிளாக்கர் என்றால் மேலேதானே.

அடுத்த கிழமையே பெரியாயி வந்தாள்.

குருவிக்கல் கீழ்க்கணக்கில் கொழுந்தெடுக்கும் பெரியாயி, நல்ல சேலை கட்டி, பஸ் பிடித்து, முற்றத்தில் வந்து நின்றாள். அழகர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் இருந்த வெறும் நாற்காலியைக் காட்டாமல், செருப்புக் கழற்றுகிற இடத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"கும்புடுறேங்க கணக்கப்புள்ளய்யா."

"பெரியாயியா? இன்னும் கொழுந்து எடுக்குறியா?"

"எடுக்குறேங்க. மகன் நிறுத்துங்கிறான். சும்மா குந்தியிருந்தா முட்டி புடிச்சிக்குது."

"மகன் எங்க? கொழும்புல கடையிலயா?"

"அமெரிக்காங்க."

அழகரின் நாற்காலி கிரீச்சிட்டது. உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நிஷாந்தினிக்கு அது கேட்டது.

"அமெரிக்காவுல எங்க?"

"சவுத்து கரோலினான்னு சொன்னான். ஊரு கிரீன்வில்லு. டயரு செய்யிற கம்பெனி. அவனும் குலுக்கல்ல விழுந்துதாங்க போனான்." பெரியாயி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "நம்ம நிஷாந்தினிப் புள்ளைக்குப் பாக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன். புவனேந்திரனும் பாப்பாவும் ஒரே ஸ்கூல்ல படிச்சதுங்கதானே. அவன்தான் கேட்டுப் பாரும்மான்னான். நீங்க ஏசினாலும் பரவால்லன்னு பஸ் ஏறி வந்துட்டேன்."

"ஏசுறதுக்கு என்ன இருக்கு," என்றார் அழகர். ஏசுவதற்கு நிறைய இருந்தது. அமெரிக்கா என்ற ஒரு சொல் குறுக்கே விழுந்து கிடந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை.

நிஷாந்தினிக்குப் புவனேந்திரனை நினைவிருந்தது. அவளுக்கு மூத்த வகுப்பு. மழை நாளில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவான். அவள் மனதில் முதலில் வந்த சொல், 'கீழ்க்கணக்கா?' என்பதுதான். அப்பாவின் குரலிலேயே வந்தது. கையிலிருந்த தேத்தண்ணீர் சாதாரணக் கண்ணாடிக் கிளாசில் இருந்தது. அதை வைத்துவிட்டு, விருந்தாட்களுக்கான பீங்கான் கோப்பையில் மாற்றி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரியாயி அதைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். போகும்போது மகனின் தொலைபேசி எண்ணை அவளிடம்தான் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு கரோலினாக்களின் வழக்கு தொடங்கியது.

நியாயமான ஆள் நேராக, 'கீழ்க்கணக்கானுக்குக் கொடுக்க மாட்டேன்' என்று சொல்லியிருப்பார். அழகருக்கு அந்த நேர்மையும் இல்லை. இரண்டு மாப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு இரண்டு மாநிலங்களையும் எடைபோடுவதென்று முடிவு செய்தார். வடக்கும் தெற்குமாக ஒட்டிக்கிடக்கும் அந்த மாநிலங்கள் ஒவ்வொன்றும் இலங்கை முழுவதையும்விடப் பெரியவை. அவருக்கு அவை ஒரே மலையின் மேல்பாதி, கீழ்ப்பாதி.

சாட்சி சொல்ல இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் இரகுநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, பதுளை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வு பெற்றும் போகாமல் அடுத்த தெருவில் தங்கிவிட்டவர். அமெரிக்காவுக்கு ஒருமுறை போய் வந்தவர். அதற்குப் பிறகு பதுளையில் எதுவும் அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை, அமெரிக்காவும் தெரிவதில்லை. மற்றவர் ஸலீம். பஸ் நிலையத்துக்கு அருகே கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார். வெளிநாட்டு அழைப்பு, போட்டோ பிரதி, இன்டர்நெட். அச்சடித்த தாள் எதுவானாலும் அது உண்மை என்று நம்புகிறவர்.

ஞாயிறு பின்னேரம் மூவரும் இஸ்தோப்பில் கூடினார்கள். நிஷாந்தினியின் பாடசாலை அட்லஸ் நடுவில் கிடந்தது.

"நான் அத்லாந்தாவிலை மருமோன்ர வீட்டை நிண்டனான்," என்று தொடங்கினார் இரகுநாதன். "உதெல்லாம் ஒரு இடமே, அழகர்? நடக்க ஒரு ஒழுங்கை இல்லை. ஒரு றாத்தல் பாண் வாங்கவும் கார் எடுக்கவேணும். சனத்தை வெளியிலை காணேலாது."

"தென் கரோலினா எப்படிங்கய்யா?"

"அதுக்குள்ளாலை காரிலை போனனாங்கள்."

"எப்படி இருந்திச்சு?"

"நான் நித்திரை." இரகுநாதன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "ஒருக்காக் கண் முழிச்சனான். ஒரே பைன் மரம். எங்கையோ பண்டி இறைச்சி சுடுற மணம். திரும்பப் படுத்திட்டன்."

"அப்ப வட கரோலினா?"

"அங்கையும் பைன் மரந்தான், பண்டிதான். ஆனா அது வடக்கு. வடக்கு எண்டால் வடக்குத்தான். சனம் படிச்சதாயிருக்கும்."

அவர் எந்த வடக்கைச் சொல்கிறார் என்று நிஷாந்தினிக்கு விளங்கியது. தேத்தண்ணீர்த் தட்டோடு நிலைவாசலில் நின்றபடி மூன்று தலைகளையும் பார்த்தாள். மூவரும் ஒரு நாட்டை வளைத்துக் குனிந்திருந்தார்கள், இறைச்சிக் கடையில் தொடையைக் கிள்ளிப் பார்க்கிறவர்களைப் போல.

ஸலீம் கொண்டுவந்த தாள்களைப் பிரித்தார். "இங்க பாருங்க சேர். வடக்குல மலை, யுனிவர்சிட்டி, புகையிலை. தெற்குல பீச், கோல்ஃப் அடிக்கிற எடம், பீச்சஸ்னு ஒரு பழம். சூடு ரெண்டுலயும் இருக்கு, தெற்குல கூடவாம். புயல் ரெண்டுக்கும் வருமாம். பார்த்துட்டு வாறதுக்கு தெற்கு ஷோக்கு. இருக்கிறதுக்கு எது நல்லம்னு இந்தத் தாள்ல வடக்குன்னு போட்டிருக்கு, அந்தத் தாள்ல தெற்குன்னு போட்டிருக்கு."

"எந்தத் தாளு சரி?"

"ரெண்டும் இன்டர்நெட்ல இருந்து எடுத்தது சேர்," என்றார் ஸலீம், அது போதாதா என்பதுபோல.

அழகர் தாள்களை ஒதுக்கிவிட்டு அட்லஸை இழுத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதிலே இருந்தது. பச்சை என்றால் பள்ளம். மஞ்சள் என்றால் சுமார். பழுப்பு என்றால் உயரம். வட கரோலினாவின் மேற்குப் பக்கம் கெட்டியான பழுப்பு. தென் கரோலினா முக்கால்வாசிக்கு மேல் பச்சை. மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தா," என்று விரலை வைத்தார். "இதுக்கு மேல என்ன பேச்சு?"

"அமெரிக்காட கெழக்குப் பக்கத்துலயே உசரமான மலை அங்கதானாம் சேர்," என்று ஸலீம் ஒரு தாளைத் தேடி எடுத்தார். "நம்ம நமுனுகுல உசரம்தான் வருது."

அழகர் எழுந்து நின்றே விட்டார். ஒரு கண்டத்தின் பாதி சேர்ந்து முக்கி எழுந்தும் நமுனுகுல உயரத்துக்குத்தான் வர முடிந்தது என்பது வேறு யாருக்காவது சிரிப்பை வரவழைத்திருக்கும். அழகருக்கு அது அத்தாட்சி. "அப்ப அதுதான் மேல்கணக்கு!"

அடுத்த தாள் தென் கரோலினாவின் கதையை முடித்தது. அந்த மாநிலத்தில், கடலோரத் தீவொன்றில், தேயிலைத் தோட்டம் இருந்தது. படம்கூடப் போட்டிருந்தார்கள். மேசைபோல் தட்டையான நிலத்தில் தேயிலை வரிசை. அதன்மேல் ஒரு இயந்திரம் ஏறி நின்று கொழுந்து வெட்டியது.

அழகர் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோல் முகம் சுருங்கியது. "கடல் மட்டத்துலயா? கடல் மட்டத்துல தேயிலையா? கச்சான் காத்து படாம, பனி படாம? அது தேயிலையாய்யா, மாட்டுத் தீவனம்!"

"அதுகள் தேத்தண்ணிக்கு ஐஸ் போட்டுக் குடிக்கிற சனம்," என்றார் இரகுநாதன். "சீனி கரையாமல் அடியிலை நிக்க நிக்க ஊத்துவினம். மோள் ஒருக்காத் தந்தவள். நான் பூமரத்துக்கு ஊத்திட்டன்."

"கேட்டியா இராக்கு? எம்மகளைத் தேயிலைய விட்டு வெளிய அனுப்பத்தான் அமெரிக்காவே பாக்குறேன். அங்கயும் ஒரு தேயிலை, அதுவும் கீழ்க்கணக்குத் தேயிலை!"

இராக்கம்மா கதவோரம் வந்தாள். "அந்தப் பையன் குடிப்பானா, கை நீட்டுவானா, அதக் கேட்டீங்களா?"

"எந்தப் பையன்?"

"ரெண்டுல எவனாவது."

"அதெல்லாம் பொறவு."

நிஷாந்தினி தட்டை வைத்துவிட்டு அட்லஸைத் தன் பக்கம் திருப்பினாள். "ஊரு எங்க இருக்குன்னு பாத்தீங்களாப்பா?"

"ஊரு எதுக்கு? தோட்டத்துல எந்த லயம்னா கேப்போம்? எந்தக் கணக்குன்னுதான் கேப்போம். கணக்கு மேலன்னா லயமும் மேல."

அவள் பார்த்தாள். பழுப்பு மாநிலத்தின் வில்மிங்டன் பச்சையில், கடலில் காலை நனைத்துக்கொண்டு கிடந்தது. பச்சை மாநிலத்தின் கிரீன்வில் அந்த நகக்கண் பழுப்பின் அடிவாரத்தில் இருந்தது. சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. அவளுடைய மிச்ச வாழ்நாளை வரைபடத்து மைப்பூச்சைப் பார்த்துத் தீர்மானிக்கிற மனிதரிடம் மை எங்கே முடிகிறது என்று சொல்லிக்கொடுப்பது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. அட்லஸை மூடி, பிள்ளைகளுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஸலீமின் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று பெரியாயி கொடுத்த எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் எடுத்தவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். யார் பேசுவதென்று அவள் சொன்னாள்.

"அம்மாவ ஏசிட்டாங்களா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல. ஸ்டூல்ல உக்கார வச்சாங்க."

அவன் சிரித்தான். "ஸ்டூல் குடுத்தாரா? பரவால்லையே. எங்கப்பாவுக்கு வாசப்படிதான் குடுத்தாரு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த உடனே வெட்கமாகவும் இருந்தது. "உங்க ஸ்டேட் நல்லதா, பக்கத்து ஸ்டேட் நல்லதான்னு இங்க வழக்கு நடக்குது."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. போற வழியில ரோட்டோரம் ஒரு போர்டு நிக்கும். அத வாசிக்கலன்னா தாண்டினதே தெரியாது. இங்க உள்ளவங்க அங்க உள்ளவங்கள ஏசுவாங்க, அங்க உள்ளவங்க இங்க உள்ளவங்கள ஏசுவாங்க. நம்ம தோட்டத்துல பாக்காததா?"

"மலை இருக்கா?"

"தூரத்துல நீலமாத் தெரியும். வேலைக்குப் போறப்ப பாப்பேன். ஏறினதில்ல. எங்கங்க ஏறுறது, ஷிப்ட். பெருசா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. சின்ன வீடு, வாடகை. வெயில் காலத்துல வேகும். உங்களுக்கு டீச்சர் வேலை இருக்குன்னு அம்மா சொன்னாங்க. அத விட்டுட்டு வரணும்னு இருக்கா உங்களுக்கு? இல்லன்னா இப்பவே சொல்லுங்க, நான் தப்பா எடுக்க மாட்டேன்."

நிஷாந்தினி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். அந்த மாதம் முழுக்க அவளுடைய கல்யாணத்தைப் பற்றித் தாள்தாளாக ஆராய்ந்தவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. "வரணும்னு இருக்கு," என்றாள். "வந்து அங்கயும் படிப்பிக்கணும்."

"அதுக்குத் திரும்பப் படிக்கணும். கஷ்டம்தான்."

"கஷ்டம்தான்னு சொல்ற முதல் ஆளு நீங்கதான்," என்றாள்.

பிறகும் சில சனிக்கிழமைகள் அவள் பேசினாள். ஸலீம் அழகரிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவள் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கடை ரகசியம் கடையோடு என்பது அந்த மனிதரிடம் இருந்த ஒரே நல்ல பழக்கம்.

புரட்டாசி முடிந்து கனகேஸ்வரனின் பெற்றோர் ஹல்துமுல்லையிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். தட்டு மாற்ற நாள் குறிப்பதற்கு. பெரிய கிளாக்கருக்குச் சாய்வு நாற்காலி விட்டுக்கொடுக்கப்பட்டது. இரகுநாதனும் ஸலீமும் அழைக்கப்பட்டிருந்தார்கள். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையே அழைத்தான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அழகர் தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார். பல கிழமைகளாக அவர் காத்திருந்த நேரம் அது.

"மாப்ள! எல்லாரும் இங்கதான் இருக்கோம். ஒண்ணு சொல்லுங்க, உங்க வீட்டு வாசல்ல நின்னா மலை எப்படித் தெரியும்?"

"மலையா மாமா?"

"ஆமா, மலை."

"இங்க ஏது மாமா மலை?" கனகேஸ்வரன் சிரித்தான். "இது கடலோரம். தட்டு மாதிரி இருக்கும். ஒரு மேடுகூடக் கெடையாது. மலைன்னா கார்ல அஞ்சாறு மணித்தியாலம் போகணும். நான் போனதே இல்ல. அங்க யார் போவா, காட்டான்கள்தான் இருப்பான்கள்."

ஸலீம் தாள்களைத் தேடினார். இரகுநாதன் கூரையைப் பார்த்தார். அழகரின் முகம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு யாரும் 'ஆமாங்க' சொல்லாதபோது போகும் போக்கில் போயிற்று.

ஆனால் அவர் அழகர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தட்டைன்னா தட்டை," என்றார். "நல்லதுதானே. ஏறி எறங்கி முட்டி தேஞ்சதெல்லாம் எங்களோட போகட்டும்."

"கடற்கரைச் சனம் எப்பவும் விசேஷம்," என்றார் இரகுநாதன் உடனே. "நாங்களும் கடற்கரைதான்."

"பீச் வியூன்னா ஷோக்கு சேர்," என்றார் ஸலீம்.

"அந்த சவுத்துலதான் மாமா ஒண்ணுமில்ல," தொலைபேசி தொடர்ந்தது. "நாங்க அங்க போறதே பட்டாசு வாங்கத்தான். இங்க விக்க விடமாட்டான், அங்க எல்லைய தாண்டின உடனே கடை கடையா வச்சிருப்பான். மத்தபடி அது மனுசன் இருக்கிற எடமா?"

"பட்டாசுக் கடை!" என்று அழகர் எல்லோரையும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கேட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதம் தூக்கிப் பிடித்த மலையை ஒரு நொடியில் கீழே போட்டுவிட்டு, யாருக்கும் கை வலிக்கவில்லை. நிஷாந்தினி நிலைவாசலில் நின்று அதைப் பார்த்தாள். அப்பா முட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். முட்டாளென்றால் மன்னித்துவிடலாம். நிலம் உயரமாக இருந்தாலும், பள்ளமாக இருந்தாலும், நடுக்கடலில் மிதந்தாலும், பெரியாயியின் மகன் நிற்கிற இடம் அவருக்குக் கீழ்தான். அதை அவர் நன்றாகத் தெரிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்தாள்.

"கிரீன்வில்லருந்து மலை தெரியுதுப்பா."

"யாரு சொன்னா?"

"புவனேந்திரன். கீழ்க்கணக்குப் பெரியாயி மகன். நான் போன் பண்ணிப் பேசினேன்."

அழகர் பெரிய கிளாக்கரை ஒரு தடவை பார்த்தார். "மலைய வச்சு நாக்கு வழிக்கவா? உள்ள போ."

"எனக்கும் மலை வேணாம். அவருக்குச் சரின்னு சொல்லிட்டேன். டிசம்பர்ல வர்றாரு."

"ஹலோ?" என்றது தொலைபேசி. "மாமா? லைன்ல இருக்கீங்களா? யார் மாமா வர்றது?"

கட் பண்ண வேண்டிய பட்டன் எது என்று அழகருக்குத் தெரியவில்லை. ஸலீம்தான் எழுந்து வந்து அணைத்தார். பெரிய கிளாக்கரின் மனைவி கைப்பையை எடுத்தாள். பெரிய கிளாக்கர் சாய்வு நாற்காலியிலிருந்து எழும்பச் சிரமப்பட்டார். யாரும் கை கொடுக்கவில்லை. அவர் முற்றத்தில் இறங்கி நின்று, "கீழ்க்கணக்குப் பயலுக்கா? நீங்களும் ஒரு கணக்கப்புள்ள!" என்று சொல்லிவிட்டு வானில் ஏறினார்.

அழகருடைய மொழியிலேயே அழகரை ஒருவர் ஏசியது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது நன்றாக விளங்கியிருக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் அவர் மகளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் இராக்கம்மா போட்ட போட்டில் பேசினார். "நான் ஒருத்தி இங்க கெடக்கேனே, என்னைய என்னிக்காவது எந்த ஊருக்குப் போகணும்னு கேட்டீங்களா? அவளாவது கேட்டுட்டுப் போறா. வாய மூடிட்டு மண்டபம் பாருங்க."

டிசம்பரில் புவனேந்திரன் வந்தான். ஒல்லியாக, தலையில் முன்பக்கம் கொஞ்சம் முடி கொட்டி, அமெரிக்கா என்று சொல்லக் காலில் மாட்டிய சப்பாத்து மட்டும் இருந்தது. வீட்டில் நடந்த சின்ன விருந்துக்குப் பெரியாயி வந்தபோது, நிஷாந்தினி போய்ச் சாய்வு நாற்காலியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "அதுல சாஞ்சா எனக்கு எந்திரிக்க வராது பாப்பா," என்று பெரியாயி தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். அழகர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். அந்த நிம்மதியைப் பார்க்க நிஷாந்தினிக்குக் கூசியது.

கல்யாணப் பத்திரிகையை அவர்தான் அச்சடித்தார். மணமகள் பெயருக்குக் கீழே, 'குருவிக்கல் தோட்டம், மேல்கணக்கு' என்று இருந்தது. மணமகனுக்கு, 'கிரீன்வில், தென் கரோலினா, அமெரிக்கா'. பெரியாயி பெற்ற பிள்ளை அந்தத் தாளின்படி அமெரிக்காவிலேயே முளைத்தவன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பதிவுக்குப் போனார்கள். சிறிய அறை, பதிவாளர் பசியோடு இருந்தார். படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ளை பிறந்த இடம்?" என்று கேட்டார்.

"கிரீன்வில், தென் கரோலினா," என்று அழகர் முந்திக்கொண்டார்.

பதிவாளர் தலையைத் தூக்கினார். "அங்கயா பிறந்தார்?"

"இல்லீங்க," என்றாள் பெரியாயி, பின்னாலிருந்து. "குருவிக்கல் தோட்டங்க. கீழ்க்கணக்கு. நடு லயம். மழைக்கு ஒதுங்குற காம்பராவுல பொறந்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்ல."

புவனேந்திரன் தலையசைத்தான். பதிவாளர் எழுதினார். "பொண்ணு?"

"குருவிக்கல் தோட்டம்," என்றாள் நிஷாந்தினி.

"அதே தோட்டம்தானா? சரி." பதிவாளர் அதையே மறுபடி எழுதத் தொடங்கினார்.

"ஐயா, ஐயா," அழகர் மேசைக்குக் குனிந்தார். "ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. மகள் மேல்கணக்கு. அதக் கொஞ்சம் போடுங்க."

பதிவாளர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார், உண்மையாகவே தேடுகிறவரைப் போல.

"அதுக்கு இதுல கட்டம் இல்லைங்களே," என்றார். "கையெழுத்து வைங்க."

நிஷாந்தினி கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது, அழகர் படிக்கட்டில் இரகுநாதனைப் பிடித்து நிறுத்தியிருந்தார். வட கரோலினாவில் வருடம் தவறாமல் புயல் வருகிறதென்றும், கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறதென்றும், நாலும் தெரிந்தவர்கள் தெற்கைத்தான் பார்ப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். இரகுநாதன் தானும் அப்படித்தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அவள் இருவருக்கும் நடுவே வழி கேட்காமல் இறங்கிப் போனாள்.